சீமையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள்

(ஆழ்வார்திருநகரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



திருநெல்வேலிச் சீமையை ஆண்டவர்களின் வரிசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ராஜாக்களைப் பற்றி இல்லை. மதுரையில் ஒரு நாயக்கர், ஆற்காட்டில் ஒரு நவாப், கோவாவிலோ கொழும்பிலோ ஒரு வெள்ளைக்காரத் துரை, சென்னைக் கோட்டையில் ஒரு கவர்னர் என்று அதிகாரம் எங்கோ தொலைவில் இருந்தது. அந்த அதிகாரத்தின் சார்பில் இங்கே வந்து உட்கார்ந்து, வரி வாங்கி, வழக்குக் கேட்டு, படை நடத்தி, ஒருநாள் புறப்பட்டுப் போனவர்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

அரசு அலுவலகங்களில் தலைமை அதிகாரியின் அறைச் சுவரில் ஒரு பலகை இருக்கும். பார்த்திருப்பீர்கள். பெயர், பொறுப்பேற்ற நாள், பொறுப்பு விட்ட நாள் என்று மூன்று கட்டங்கள். நாம் முதல் கட்டத்தை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். வரலாற்றுப் புத்தகங்களும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. நான் மற்ற இரண்டு கட்டங்களையும் படிக்கச் சொல்கிறேன். ஒருவர் எந்த வழியாக அந்த நாற்காலிக்கு வந்தார், எவ்வளவு காலம் இருக்கப்போவதாக நம்பினார், போகும்போது யார் கையில் எதை ஒப்படைத்தார் என்ற மூன்றும் தெரிந்தால், அவர் காலத்தில் இந்தத் தாமிரபரணிக் கரையில் உழுதவன் எப்படி வாழ்ந்திருப்பான் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அவர் எந்த மதம், எந்த நாடு, என்ன நிறம் என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். நானூறு வருடத்து நெல்லை வரலாறு எனக்குக் கற்றுக்கொடுத்தது இது.

முதலில், பக்கத்து ஊர்க் கதை ஒன்று.

திருமலை நாயக்கர் மதுரையை ஆண்டது 1623 முதல் 1659 வரை. அவருடைய பிரதிநிதியாகத் திருநெல்வேலியில் இருந்து சீமையை நிர்வகித்தவர் இரசை வடமலையப்ப பிள்ளையன். இரசை என்பது ராஜவல்லிபுரம். வெளியூர் ஆள் இல்லை, இந்த ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். தமிழ் கற்றவர். மச்ச புராணத்தைத் தமிழ்ச் செய்யுளில் தந்தவர். அவர் பெயரைச் சொன்னால் திருச்செந்தூர்க்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது சண்முகர் விக்கிரகம்தான். 1648-49-ல் டச்சுக்காரர்கள் திருச்செந்தூர்க் கோயிலைப் பிடித்து, போகும்போது விக்கிரகங்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நடுக்கடலில் புயல் அடித்ததாகவும், பயந்துபோய் விக்கிரகத்தைக் கடலில் போட்டுவிட்டதாகவும் தலவரலாறு சொல்லும். அதைப் போலவே இன்னொன்று செய்யச் சொல்லி ஏற்பாடு செய்த வடமலையப்பர் கனவில் முருகன் தோன்றி, எலுமிச்சம்பழம் மிதக்கும் இடத்தில், மேலே கருடன் வட்டமிடும் இடத்தில் தேடு என்றானாம். 1653-ல் விக்கிரகம் கிடைத்தது என்பது மரபு. திருச்செந்தூரில் அவர் பெயரால் மண்டபமும் உண்டு.

இது எல்லாருக்கும் தெரிந்த வடமலையப்பர். நம் அடுத்த ஊரான தென்திருப்பேரையில் வேறொரு வடமலையப்பரைச் சொல்வார்கள். மழை பொய்த்து வயல் காய்ந்த ஒரு சமயம். ஊரார் வரி கட்டவில்லை. வடமலையப்பரின் ஆட்கள் வந்து ஊர்ப் பெரியவர்களைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தார்கள். அவர்களில் ஒருவர் நாராயண தீட்சிதர். அவர் சிறைக்குள் இருந்தபடியே தம் ஊர்ப் பெருமாளை நினைத்துப் பாடியதுதான் மகரநெடுங்குழைக்காதர் பாமாலை. உ.வே.சாமிநாதையர் பிற்காலத்தில் அதைப் பதிப்பித்தார். பாட்டின் சேதி வடமலையப்பரின் காதுக்கு எட்டியது, அவர் மனம் இளகி எல்லாரையும் விடுவித்தார் என்பது செவிவழிச் செய்தி.

இந்த இரண்டு கதைகளையும் நான் சேர்த்தே படிக்கிறேன். கடலுக்குள் போன சாமியை மீட்டவரும், வரி பாக்கிக்காகத் தீட்சிதரைச் சிறையில் வைத்தவரும் ஒருவரே. அவரை நல்லவர் கெட்டவர் என்று தராசில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. மதுரைக்கு ஆண்டுதோறும் பணம் போயாக வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கும் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிறையில் ஒருவர் பாடிய பாட்டு, ஆள்பவரின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பொருள் அவருக்கு விளங்கியது. விடுவித்த பிறகும் அவர் இதே சீமையில், இதே மக்களின் முகத்தில் விழித்துக்கொண்டு நெடுங்காலம் இருந்தாக வேண்டும். அவர் நாளைக்குக் கப்பல் ஏறிப் போகிறவர் இல்லை. கவிதையால் சிறைக்கதவு திறந்தது என்று பக்தர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அந்தக் கதவு திறப்பதற்கு, ஊரோடு கலந்து நெடுங்காலம் இருக்கிற ஓர் ஆளுநரும் தேவைப்பட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பிருந்தே கடற்கரையில் நாற்காலிகள் வேறு விதமாகக் கைமாறிக்கொண்டிருந்தன.

1530-களின் நடுவில் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றுப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை ஏற்றார்கள். அதன்பின் முத்துக்குளித்துறைக் கரைக்கென்று ஒரு கப்பித்தான் வந்து உட்கார்ந்தான். போர்த்துக்கீசிய அரசு கீழ்த்திசையில் இத்தகைய பதவிகளைப் பெரும்பாலும் மூன்று ஆண்டுக்குக் கொடுத்தது. பதவி என்பது சேவைக்குக் கொடுக்கும் பரிசு. பரிசு வாங்கியவன் மூன்று ஆண்டுக்குள் அதைக் காசாக்கிக்கொள்ள வேண்டும். 1544-ல் தூத்துக்குடியில் கப்பித்தானாக இருந்த கோஸ்மே டி பைவா என்ன செய்தார் தெரியுமா? பரதவர்களைக் காப்பதற்காக வந்தவர், அவர்கள் அஞ்சி நடுங்கிய உள்நாட்டுத் தலைவர்களுக்கே குதிரை விற்றார். அந்தக் காலத்தில் குதிரை என்பது படைபலம். கரையோர ஊர்களில் அப்போது நடமாடிக்கொண்டிருந்த பிரான்சிஸ் சவேரியார் தம் கடிதங்களில் இந்த மனிதரைப் பற்றி மனம் நொந்து எழுதியிருக்கிறார். அந்த ஆண்டு செப்டம்பரில் வடுகப் படை தூத்துக்குடியைத் தாக்கியது. கப்பித்தானின் கப்பலும் வீடும் எரிந்தன. மக்கள் தீவுகளுக்கு ஓடினார்கள். ஆலந்தலையில் இருந்த சவேரியார், தாம் அவ்வளவு குறைசொன்ன அந்தக் கப்பித்தானுக்கும் படகும் உதவியும் உடனே அனுப்பும்படி சொல்லி எழுதினார். அந்தக் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

இதில் முத்துச் சிப்பியின் இயல்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கடலடிப் பாரில் ஒட்டிய சிப்பி, குளிப்பதற்குப் பதமாக நாலைந்து ஆண்டுகள் பிடிக்கும். மாதிரிக்கு எடுத்துப் பிளந்து, முத்தை விலை மதித்துப் பார்த்த பிறகுதான் முத்துக்குளிப்பாகிய சலாபத்தைக் கூறுவார்கள். சில சமயம் பார் முழுக்கச் சிப்பி இருக்கும், அடுத்த முறை போனால் ஒன்றும் இருக்காது. வருடக்கணக்காகக் காத்திருக்கத் தெரிந்தவனுக்கே அந்தக் கடல் கொடுக்கும். மூன்று ஆண்டுக்கு வந்தவனுக்குக் காத்திருக்க நேரம் ஏது? அவன் கண் குதிரையிலும் துணியிலும் மீனவர் தலைக்கு விதிக்கும் பணத்திலும்தான் இருக்கும். இதை அவனுடைய பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பதவியின் நீளமே அவனை அப்படி நடக்க வைத்தது.

1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். இங்கிருந்த டச்சுத் தலைமை அதிகாரி கொழும்பு கவர்னருக்குக் கீழ்ப்பட்டவர். திருச்செந்தூரில் அவர்கள் செய்ததை நான் மறக்கவில்லை. கத்தோலிக்கக் குருமார்களையும் அவர்கள் நிம்மதியாக விடவில்லை. ஆனால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியவனாக மாட்டேன். பதவி விட்டுப் போகிற கவர்னர், வருகிறவருக்காக ஓர் ஒப்படைப்புக் குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். ஹெண்ட்ரிக் பெக்கர் 1716-ல் எழுதியது, வான் இம்ஹோஃப் 1740-ல் எழுதியது எல்லாம் இன்று நூலாகக் கிடைக்கின்றன. எந்தச் சிற்றரசரோடு என்ன ஒப்பந்தம், எது தீராத வழக்கு, யாரிடம் என்ன பாக்கி, எந்த அதிகாரியை நம்பலாம் என்று புதிதாக வருகிறவருக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். வியாபாரக் கம்பெனியின் சுயநலத்துக்காகச் செய்த வேலைதான். அதனால் என்ன? நாற்காலி கைமாறும்போது அறிவும் கைமாற வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

மேற்கே மெக்சிகோவை ஸ்பெயின் ஆண்ட காலத்தில் இதைவிடக் கடுமையான ஒரு முறை இருந்தது. பதவி முடிந்த கவர்னர் உடனே ஊர் திரும்ப முடியாது. விசாரணை நீதிபதி ஒருவர் வந்து உட்காருவார். முறையீடு உள்ளவர்கள் வரலாம் என்று ஊர் அறியச் சொல்வார்கள். குடிமக்களின் புகார்களுக்குப் பதில் சொல்லி, குற்றம் இருந்தால் அபராதம் கட்டிவிட்டுத்தான் அவர் கிளம்ப வேண்டும். பல இடங்களில் அது வெறும் சடங்காகிப் போனது, லஞ்சமும் புகுந்தது. இருந்தாலும் இந்த வழக்கம் இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதற்கு நம் 18-ஆம் நூற்றாண்டே சாட்சி. அங்கேதான் இப்போது வருகிறேன். என் பேச்சின் கனமான பகுதி இது.

1736-ல் மதுரை நாயக்கர் ஆட்சி ராணி மீனாட்சியோடு முடிந்தது. அதன்பின் சந்தா சாகிபு, மராத்தியர், நிஜாம், ஆற்காட்டு நவாப் என்று மேலே கைகள் மாறின. கீழே திருநெல்வேலிச் சீமை ஏலப்பொருளாகிவிட்டது. இவ்வளவு லட்சம் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டவர் சீமையின் ஆளுநர். வசூல், காவல், நீதி எல்லாம் அவர் கையில். ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் கிடைப்பது அவருக்கு.

1755-ல் கர்னல் ஹெரான் என்ற ஆங்கிலேயக் கம்பெனித் தளபதி நவாபின் அண்ணன் மாபூஸ் கானோடு படை நடத்தி வந்தார். மதுரையையும் திருநெல்வேலியையும் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மாபூஸ் கானுக்கே குத்தகையாக விட்டுவிட்டுப் போனார். குத்தகைதாரர் நவாபின் அண்ணன்; கொடுத்தவர் கம்பெனிப் பட்டாளத்துக்காரர்; நிலம் நம்முடையது. சீக்கிரமே மாபூஸ் கான் நெற்கட்டும்செவல் பூலித்தேவரோடு சேர்ந்து தம்பிக்கே எதிராகத் திரும்பினார். அடுத்துத் தித்தாரப்ப முதலியார் குத்தகைக்கு வந்தார். சமாதானப்படுத்த யூசுப் கான் படையோடு வந்தார். சில ஆண்டுகளுக்குள் ஒரே சீமைக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள். இன்று முதலியாரின் ஆள் வந்து களத்து நெல்லை அளந்துகொண்டு போவான். நாளை மாபூஸ் கானின் ஆள் வந்து அதே களத்தில் நின்று, முதலியாருக்குக் கொடுத்தது கணக்கில் சேராது என்பான். மேற்கே பாளையக்காரரின் காவல்காரன் தன் பங்கைக் கேட்பான். ரசீது காட்டினால் யார் ஏற்பார்? களத்துமேட்டில் நின்ற குடியானவனுக்கு அன்று ஆளுநர் யார் என்ற கேள்விக்குக் கிடைத்த பதில், அப்போது எதிரே ஆயுதத்தோடு நிற்பவன் யாரோ அவன்தான்.

யூசுப் கானைப் பற்றி இங்கே நின்று பேசியாக வேண்டும். மருதநாயகம் என்று நாம் கொண்டாடுகிறவர். 1759-லிருந்து மதுரையும் நெல்லையும் அவர் பொறுப்பில் வந்தன. அவரும் குத்தகை ஆளுநர்தான். பூலித்தேவரை எதிர்த்துப் போரிட்டவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் இந்தச் சீமையைத் தமக்கே உரியதாக, தாம் நிலைக்கப்போகிற இடமாக நினைத்து ஆண்டார். குளத்தையும் வாய்க்காலையும் பழுது பார்த்தார். நெசவாளர்களை ஆதரித்தார். வழிப்பறி அடங்கியது. அந்த நினைப்புதான் அவருக்கு எமனாகவும் ஆயிற்று. நிலைக்க நினைத்தவர் 1763-ல் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்றார். உடன் இருந்தவர்களே காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபர் 15-ல் மதுரையில் தூக்கிலிட்டார்கள்.

பிறகு நடந்ததுதான் என்னை இன்றுவரை தூங்கவிடாத விஷயம். அவரைத் தூக்கிலிட்ட அதே கம்பெனியின் கலெக்டராக, 40 ஆண்டு நிறைவதற்குள் இதே சீமைக்கு வந்தார் ஸ்டீபன் ரம்போல்டு லஷிங்டன். பழைய கணக்குகளைப் புரட்டினார். குடிகளை விசாரித்தார். யூசுப் கான் நிர்வாகத்தில் உறுதியும் நீதியும் இருந்தன என்று மனமாரப் புகழ்ந்து மேலிடத்துக்கு எழுதினார். தூக்குக்கயிற்றில் போன ஆளுநருக்குப் பின்னால் வந்த ஆளுநர் கொடுத்த நற்சான்று! அது கிடைத்திருக்கவே வேண்டாம், 1764-லேயே யாராவது அந்தக் கணக்கைப் படித்திருந்தால் போதுமே என்று தோன்றுகிறது.

1764-க்கும் லஷிங்டனுக்கும் நடுவில் உள்ள காலத்தை வேகமாகக் கடக்கிறேன், அது கிறுகிறுக்க வைக்கும் காலம். 1781-ல் நவாப் வரி வசூலைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். 1785-ல் திரும்பப் பெற்றார். 1790-ல் கம்பெனி மறுபடி எடுத்துக்கொண்டது. 1792-ல் சர்க்கார் நிலம் நவாபுக்கும், பாளையக்காரர்களின் கிஸ்தி கம்பெனிக்கும் என்று பிரித்துக்கொண்டார்கள். இடையில் 1783-ல் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது, கொழும்பு டச்சு அரசும் அன்றைய கட்டபொம்முவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மூலப்பிரதியே கோட்டைக்குள் கிடைத்தது. யார் ஆளுநர் என்று தெரியாத சீமையில் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு துணையைத் தேடிக்கொள்வது இயல்புதானே. அந்தப் பாளையக்காரரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் குழப்பத்தின் நடுவில்தான் ஜாக்சன் கலெக்டராக வந்தார். 1798-ல் வீரபாண்டிய கட்டபொம்மன் கிஸ்தி பாக்கி பற்றிப் பேசக் கலெக்டரைத் தேடிக் குற்றாலம் போனார், அங்கே பார்க்க முடியவில்லை. கலெக்டர் முகாம் போன ஊர்களுக்கெல்லாம் பின்னாலேயே அலைந்தார். கடைசியில் செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்திப்பு. அங்கே நடந்த கைகலப்பும், கிளார்க் என்ற அதிகாரி இறந்ததும், கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டதும் உங்களுக்குத் தெரியும். பலருக்குத் தெரியாதது அடுத்து நடந்தது. சென்னை அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. ஜாக்சன் நடந்துகொண்ட விதம் தவறு என்று குழு கண்டது. தானாபதி விடுதலை ஆனார். ஜாக்சன் பதவி இழந்தார். அவர் இடத்தில் லஷிங்டன் வந்தார்.

ஆக, கம்பெனியே தன் ஆள் செய்தது பிழை என்று ஏற்றுக்கொண்டுவிட்டது. புதிய கலெக்டர் அங்கிருந்து தொடங்கியிருக்கலாம். தொடங்கவில்லை. மறுபடியும் வா என்று ஓலை, வர முடியாது என்று பதில், மறுபடி ஓலை. முந்தையவரால் அவமதிக்கப்பட்ட ஒருவர், பிந்தையவர் கூப்பிட்டதும் எப்படி நம்பிக்கையோடு போவார்? ஒரு விசாரணையின் முடிவு கோப்பில் இருந்தது. நாற்காலியில் இருந்தவரின் நடத்தையில் அது இறங்கவில்லை. 1799 செப்டம்பர் 5-ல் கம்பெனித் தளபதி பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். யூசுப் கானின் கணக்கைப் பொறுமையாகப் படித்து நியாயம் எழுதிய அதே லஷிங்டன், உயிரோடு இருந்த மனிதரின் நியாயத்தைக் கேட்கவில்லை. மனிதர்கள் இப்படித்தான் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. இறந்தவருக்கு நீதி எழுத அவருக்கு நேரம் இருந்தது, இருந்தவரோடு பேச நேரம் இல்லை.

1801 ஜூலை 31-ல் கர்நாடக ஒப்பந்தம் முடிந்து சீமை முழுதும் கம்பெனிக்குப் போனது. நம் அலுவலகப் பலகைகளில் பெயர்கள் தொடங்குவதும் ஏறக்குறைய அங்கிருந்துதான். லஷிங்டன் பிற்பாடு இங்கிலாந்து போய், பாராளுமன்ற உறுப்பினராகி, 1827-ல் சென்னை மாகாண கவர்னராகவே திரும்பி வந்தார். பட்டிக்கொண்டாவில் காலராவால் இறந்த தாமஸ் மன்றோவுக்குப் பின் அந்த நாற்காலி இவருக்கு. 1832 வரை இருந்தார். பாஞ்சாலங்குறிச்சி மண்ணில் பழகிய கைதான் சென்னைக் கோட்டையில் கையெழுத்திட்டது.

கலெக்டர்கள் காலத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை, நேரம் இடம் தராது. நல்லதும் உண்டு. நமக்குப் பக்கத்தில் ஸ்ரீவைகுண்டம் அணை 1870-களில் எழுந்தது, அதன் வாய்க்கால்களால் இந்தப் பக்கத்து நிலம் எவ்வளவோ மாறியது. அந்தக் காலத்தில் மாவட்டத்தில் பணியாற்றிய பக்கிள் துரையின் பெயரைத் தூத்துக்குடியில் பக்கிள் ஓடை இன்றும் தாங்கிக்கொண்டிருக்கிறது. கொடியதும் உண்டு. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908 மார்ச் 12-ல் அவர் கைதாக, நெல்லை கொதித்து எழுந்தது. அப்போது தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்த ஆஷ், பிறகு மாவட்டக் கலெக்டர் பொறுப்புக்கு வந்து, 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் வாஞ்சிநாதனால் சுடப்பட்டு இறந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான், மே மாதத்தில், மெக்சிகோவில் இடையில் நான்கு ஆண்டுகள் தவிர 1876 முதல் ஆட்சியை விடாமல் பிடித்திருந்த போர்ஃபிரியோ டியாஸ் புரட்சிக்குப் பணிந்து பதவி விலகினார். அந்தப் புரட்சியின் முழக்கமே மறுதேர்தல் கூடாது என்பது. அதன் விளைவாக இன்றும் அந்நாட்டில் ஒரு மாநில கவர்னர் மக்கள் வாக்கால் வருகிறார், ஆறு ஆண்டுக்கு மேல் இருக்கக்கூடாது, ஒருமுறை இருந்தவர் வாழ்நாளில் மறுபடி அந்தப் பதவிக்கு வரக்கூடாது. நீண்ட ஆட்சியால் காயப்பட்ட நாடு அப்படி ஒரு மருந்தைத் தேடியது. நம் சீமை காயப்பட்டது குறுகிய ஆட்சிகளால்.

நீண்டு இருப்பதே நல்லது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பரம்பரையாக நீண்ட பதவி ஒன்றையும் இதே கரையில் பார்த்திருக்கிறோம். தூத்துக்குடிப் பரதவரின் சாதித் தலைவர், பாண்டியபதி என்று அழைக்கப்பட்டவர். போர்த்துக்கீசியர் போய் டச்சுக்காரர் வந்து, அவர்களும் 1825-ல் ஆங்கிலேயரிடம் ஊரை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அத்தனை கொடிகள் மாறியபோதும் தலைவர் பதவி தந்தைக்குப் பின் மகன் என்று நின்றது. முத்துச் சலாபத்தில் அவருக்குரிய பங்கு கம்பெனி காலத்திலும் தொடர்ந்தது. பனிமய மாதாவுக்குப் பொன்தேர் செய்து 1806-ல் ஓடவிட்டவர் தலைவர் கபிரியேல் தெக்குருஸ் வாஸ் கோமஸ். ஆளுநர்கள் மாறிய ஊரில் மக்களுக்கு ஒரு நிலையான முகம் வேண்டியிருந்தது, அதை அவர்கள் தந்தார்கள். அதே சமயம், மூழ்கிச் சிப்பி எடுத்தவனுக்கும் தலைவர் குடும்பத்துக்கும் நடுவே பங்கு பற்றிய மனத்தாங்கலும் தலைமுறை தலைமுறையாக இருந்தது. கேள்வி கேட்க முடியாத நீண்ட பதவிக்கும் ஒரு விலை உண்டு.

நம் காலத்துக்கு வருகிறேன். குடியரசில் மாநில ஆளுநரின் பதவி பழைய ஆளுநர்களுடையது போன்றதல்ல. வரி வாங்குவதும் படை நடத்துவதும் அவர் வேலை இல்லை. அரசியல் சட்டத்தின் 156-ஆவது பிரிவு, குடியரசுத் தலைவர் விரும்பும்வரை பதவி என்கிறது, பிறகு ஐந்தாண்டு என்கிறது, அடுத்தவர் பொறுப்பேற்கும்வரை தொடரலாம் என்றும் சொல்கிறது. 1948-ல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்ச்சிபால்டு நை போய், பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜி வந்தது முதல் எண்ணிப் பாருங்கள். ஐந்தாண்டை முழுதாக இருந்து முடித்தவர்கள் விஷ்ணுராம் மேதி, கே.கே.ஷா, குரானா, ரோசய்யா போன்ற சிலரே. சுர்ஜித் சிங் பர்னாலா 1991-ல் அன்றைய மாநில அரசைக் கலைக்கப் பரிந்துரை அனுப்ப மறுத்தார். பீகாருக்கு மாற்றியபோது போகாமல் பதவி விலகினார். அவரே 2004-ல் திரும்பி வந்து 2011 வரை இருந்தார். காரணமில்லாமல் ஆளுநரை நீக்கக்கூடாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் பி.பி.சிங்கால் வழக்கில் சொல்லிவிட்டது. எத்தனை நாள் என்ற கேள்வி இன்றும் நாற்காலிக்கு அடியில்தான் இருக்கிறது.

மாவட்டத்தில் கலெக்டர்கள் இன்னும் சீக்கிரம் மாறுகிறார்கள். 1986 அக்டோபர் 20-ல் நெல்லையிலிருந்து பிரிந்து வ.உ.சி. பெயரால் உருவான நம் மாவட்டத்திலும் அப்படித்தான். குளத்தின் மடை எது, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் தண்ணீர் வழக்கு, வெள்ளம் வந்தால் முதலில் முழுகுவது எந்தத் தெரு என்பதையெல்லாம் ஒருவர் தெரிந்துகொள்வதற்குள் மாறுதல் உத்தரவு வந்துவிடுகிறது. போகிறவர் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும், எழுதியதை ஊராரும் படிக்க முடிய வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். கோப்புகளை ஒப்படைப்பது இன்றும் நடக்கிறது. நான் கேட்பது பெக்கரும் வான் இம்ஹோஃபும் எழுதியதைப் போன்ற ஒன்று, தமிழில், பொதுவில்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் திருநெல்வேலி ஜில்லாக் கட்டுகள் இருக்கின்றன, டச்சு ஆவணங்களும் இருக்கின்றன. பிஷப் கால்டுவெல் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறும் கையில் கிடைக்கும். அவற்றிலிருந்து வடமலையப்பர் முதல் இன்றுவரை ஒரு பலகை தயாரியுங்கள். பெயர், வந்த வழி, இருந்த காலம், போன வழி என்று நான்கு கட்டங்கள். மாபூஸ் கானும் தித்தாரப்ப முதலியாரும் யூசுப் கானும் மோதிக்கொண்ட வருடங்களில் ஒரே வரிசையில் மூன்று பெயரையும் எழுதுங்கள். யாரும் இல்லாத மாதங்களை வெற்றிடமாக விட்டுவிடுங்கள், மூடி மறைக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பரணில் பாட்டன் காலத்துக் கணக்கு ஏடு, வாரம் பிரித்த ஓலை, கிஸ்தி ரசீது இருந்தால் கரையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதில் யாருக்கு எவ்வளவு அளந்தார்கள் என்று ஒரு வரி இருந்தாலும் போதும், அந்தப் பலகையின் பக்கத்தில் அதை வைக்கலாம். ஆங்கிலத்திலும் டச்சிலும் ஆண்டவர்களின் எழுத்து நிறையவே இருக்கிறது. நெல் அளந்து கொடுத்தவர்களின் எழுத்து இந்தத் தெருக்களில்தான் கிடைக்க வேண்டும். முதல் ஏட்டைக் கொண்டுவருகிற பிள்ளையோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்க நான் தயாராக இருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை முதலே தொடங்கலாம்.